நெடுந்தூர ஓட்டமும் உடலின் எச்சரிக்கையும்



முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிகளில் அறிவியல் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். விளையாட்டு வீரன் அல்லேன். என் இளமையில் நான் ஓடிய ஓட்டமெல்லாம், முதல் மணி அடித்த பின்னர் வகுப்பறையை நோக்கி ஓடியதுதான். அத்தகையவன் மாரத்தான் ஓட்டத்தைப் பற்றிப் பேச முன்வந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். காரணம் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவேன். அதற்கு முன்னர் உங்களை 1912-ஆம் ஆண்டிற்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு ஒலிம்பிக் விழா சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் நடைபெற்றது. ஜப்பான் அவ்விழாவில் முதன்முறையாகக் கலந்துகொண்டது. அந்நாடு அனுப்பிய வீரர்கள் இருவரே. ஒருவர் குறுந்தூர ஓட்டக்காரர். மற்றவர் ஷிசோ கனகுரி என்னும் இளைஞர். டோக்கியோ நகரின் உயர்தர ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தவர். நானும் ஆசிரியப் பயிற்சி பெற்றவனாதலால், இச்செய்தியைப் படித்தபோது அவர்பால் எனக்குத் தனிப் பற்று உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? கப்பலிலும், பின்னர்ச் சைபீரியாவின் நெடும் புகைவண்டிப் பாதையிலுமாக இரண்டு வாரத்திற்கு மேல் பயணம் செய்து அவர் அங்குச் சேர்ந்தார். சுவீடனின் கோடையில் இரவு முற்றிலும் இருள்வதில்லை. பழக்கமில்லாத அவ்வெளிச்சத்தில் உறக்கம் கெட்டது. உடன் வந்த பயிற்சியாளரும் நோயுற்றிருந்தார்.

ஜூலை 14-ஆம் நாள், பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னதாக ஓட்டம் தொடங்கியது. வெப்பம் 32 பாகை செல்சியஸ். இதைக் கேட்டு நம்மவர் நகைப்பர். நமக்கு அது இளவேனில். ஆனால் குளிர் நாட்டு உடலுக்கு அது கொடுவெயில். வெயிலுக்குப் பழகிய உடலுக்கும், ஓடும்போது அது சிறிய வெயில் அன்று என்பதைப் பின்னர் காண்போம். கடக்க வேண்டிய தூரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஓடத் தொடங்கியவர் எழுபதுக்குச் சற்றுக் குறைவானோர். முடித்தவர் ஏறத்தாழப் பாதிப் பேரே.

முடிக்காதவருள் இருவரை நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ஒருவர் போர்ச்சுகல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசரோ. தச்சுத் தொழிலாளி. தொடக்க விழாவில் தம் நாட்டுக் கொடியை ஏந்தி வந்தவர். வெயிலைத் தடுக்கும் என்று கருதி உடலெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடினார் என்பர். முப்பதாவது கிலோமீட்டரை நெருங்கும்போது தள்ளாடினார், விழுந்தார், மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். தற்கால ஒலிம்பிக் விழாவில் போட்டியின் விளைவாக இறந்த முதல் வீரர் அவரே.

மற்றவர் நம் கனகுரி. அவரும் அதே வெயிலில், அதே பாதையில், ஏறத்தாழ அதே தொலைவில் தள்ளாடினார். ஆனால் அவர் சாலையோரத்து வீடொன்றின் தோட்டத்தினுள் சென்றுவிட்டார். அவ்வீட்டார் பருகக் கொடுத்து இளைப்பாறச் செய்தனர். பின்னர் அவர் புகைவண்டியேறி நகருக்குத் திரும்பி, நாணத்தால் போட்டி அலுவலர் எவருக்கும் அறிவிக்காமலே நாடு திரும்பினார். ஓட்டக்காரர் ஒருவரைக் காணவில்லை என்று சுவீடன் நாட்டில் எழுதி வைத்தனர்.

ஒருவர் நின்றார், ஒருவர் நிற்கவில்லை. இந்த வேறுபாட்டின் பொருளை அறிய, ஓடும் உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

நம் தசைகள் ஆற்றலைச் செலவிடும் முறை சிக்கனமானதன்று. உண்ட உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. எஞ்சிய முக்காற் பங்கும் வெப்பமாகிறது. சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 60 கிலோகலோரி செலவாகும். மணிக்கு 12 கிலோமீட்டர் ஓடினால் 720. அதில் முக்காற் பங்கு, அதாவது 540 கிலோகலோரி, வெப்பம். அவருடைய உடலின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஐம்பது கிலோகலோரி போதும். எனவே அவ்வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால், ஐந்தாறு நிமிடத்திற்கு ஒரு பாகை வீதம் உடல் சூடேறும். இயல்பான 37 பாகையில் தொடங்கியவர் அரைமணி நேரத்தில் 42-ஐத் தாண்டிவிடுவார். அந்நிலையில் மூளையும் பிற உறுப்புகளும் பழுதுபடும். ஓட்டப் பந்தயம் என்பது உண்மையில், உள்ளே எரியும் அடுப்போடு நடத்தும் போராட்டம்.

அவ்வடுப்பைத் தணிப்பது எது? உங்கள் வீட்டு மண்பானையே விடை. பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிகிறது; கசிந்த நீர் ஆவியாகிறது; ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டுபோகிறது; உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. நம் தோலும் அத்தகைய பானைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். மேலே கண்ட ஓட்டக்காரருக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவில் வியர்வை ஆவியாக வேண்டும் என்று கணக்குத் தெளிவாகச் சொல்கிறது.

'ஆவியாக வேண்டும்' என்று சொன்னேன். 'வழிய வேண்டும்' என்று சொல்லவில்லை. கடற்கரை ஊர்களில் வாழ்வோர் இதை அனுபவத்தால் அறிவர். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பானை நீர் நன்றாகக் குளிர்வதில்லை. சட்டை தொப்பலாக நனைந்தும் புழுக்கம் தீர்வதில்லை. தரையில் சொட்டும் வியர்வை, உடலின் நீரைக் குறைப்பதன்றி உடலைக் குளிர்விப்பதில்லை. மதுரையின் வறண்ட வெயிலைக் காட்டிலும், வெப்பம் சற்றுக் குறைந்த கடற்கரைப் புழுக்கம் ஓடுவோருக்குக் கொடியதாக இருப்பதுண்டு. லாசரோ உண்மையிலேயே கொழுப்பைப் பூசியிருந்தாரானால், அவர் தம் பானையின் துளைகளையெல்லாம் அடைத்துக்கொண்டார் என்றே கொள்ள வேண்டும்.

இதயத்தின் நிலையும் இரங்கத்தக்கது. ஓடும் தசைகள் இரத்தத்தைக் கேட்கின்றன. உள்வெப்பத்தை வெளியே கொண்டுவரத் தோலும் இரத்தத்தைக் கேட்கிறது. வியர்வையால் இரத்தத்தின் அளவோ குறைந்துகொண்டே போகிறது. வற்றுகின்ற ஒரே கிணற்றிலிருந்து இரண்டு வயல்களுக்கு இறைப்பது போன்றது இது. இதனோடு எரிபொருள் தொல்லை வேறு. தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாக நாம் சேர்த்து வைத்திருப்பது நானூறு, ஐந்நூறு கிராம் அளவே. அது ஏறத்தாழ 2000 கிலோகலோரி தரும். மாரத்தான் ஓட்டத்திற்கு வேண்டுவதோ 2500. ஓட்டக்காரர் பலர் முப்பதாவது கிலோமீட்டர் அளவில், திடீரெனச் சுவரில் மோதியது போலக் கால் ஓய்ந்து நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. கொழுப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது ஈரவிறகு, மெதுவாகத்தான் எரியும்.

இனி, நான் சொல்வதாகக் கூறிய காரணத்திற்கு வருகிறேன்.

நான் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடலை அடுத்த ஒரு சிற்றூரில் உயர்நிலைப் பள்ளி. மாசி மாதத்தில் ஆண்டு விளையாட்டு விழா. ஐயாயிரம் மீட்டர் ஓட்டம் காலை எட்டு மணிக்கு என்று அச்சிட்டிருந்தோம். சிறப்பு விருந்தினர் வருவதற்குக் காலம் தாழ்ந்தது. அவர் வந்து, வரவேற்புரை முடிந்து, ஓட்டம் தொடங்கியபோது பதினொன்றரை மணி. பிள்ளைகள் அதுவரை வெயிலில் அணிவகுத்து நின்றிருந்தனர். நீர் அருந்தச் சென்றால் வரிசை கலையும் என்று நாங்களே தடுத்திருந்தோம்.

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் முன்னணியில் ஓடினான். மெலிந்த உடல். சென்ற வாரம் காய்ச்சலில் கிடந்தவன் என்பது பின்னர்தான் தெரிந்தது. கடைசிச் சுற்றில் அவன் நடை மாறிற்று. தலை ஒரு புறம் சாய்ந்தது. சுண்ணாம்புக் கோட்டை விட்டு விலகி, வேடிக்கை பார்ப்போர் பக்கமாகப் போகத் தொடங்கினான். எல்லோரும் கைதட்டினர். நான் கோட்டின் ஓரத்தில் அவனுடனேயே ஓடியபடி, "விடாதே, ஓடு! இன்னும் கொஞ்சந்தான்!" என்று கத்தினேன். அவனும் விடவில்லை. முடிவுக் கோட்டிற்குப் பத்துக் கஜ தூரத்தில் விழுந்தான்.

தொட்டுப் பார்த்தேன், உடல் கொதித்தது. எனினும் வியர்த்துக்கொண்டிருந்தான், ஆதலால் வெயில் மயக்கம்தான், சற்று நேரத்தில் தெளியும் என்று நினைத்தேன். அவ்வாரத்தில்தான் ஒன்பதாம் வகுப்பில் ஆவியாதல் பாடம் நடத்தியிருந்தேன். பாடம் சுவடியில் இருந்தது, எனக்கு உதவவில்லை. சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்யும் அம்மாள் ஒருவர் ஓடி வந்தார். என்னைத் தள்ளிவிட்டு, குடிநீர்ப் பானையைத் தூக்கிவரச் செய்து, அவன் தலையிலும் மார்பிலும் தொடையிலும் நீரைக் கொட்டினார். சட்டையைக் கழற்றி, முந்தானையால் விடாமல் விசிறினார். பானை காலியானதும் கிணற்றிலிருந்து குடம் குடமாக வந்தது. வண்டி கிடைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் அந்த அம்மாள் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே வந்தார். மருத்துவர் என்னிடம் சொன்னது இது: "இங்கே நான் செய்தது கொஞ்சம். அங்கே தண்ணீர் ஊற்றினார்களே, அதனால்தான் பிழைத்தான்."

மறுநாள் அவன் என்னைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி, "சார், நான் முடிச்சிட்டேனா?" என்பதே. நான் விடை கூறாமல் அவன் தாயாரிடம் ஏதோ பேசத் தொடங்கினேன்.

அந்நாள் முதல் இப்பொருள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வந்தேன். அவ்வாறு படித்தபோது இரண்டு நிகழ்ச்சிகள் என்னைத் திடுக்கிடச் செய்தன. அவற்றில் அந்தப் பிள்ளையையே கண்டேன்.

ஒன்று, 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக். இத்தாலி நாட்டின் தொராந்தோ பியெத்ரி, ஓர் இனிப்புக் கடையில் பணி புரிந்தவர், மாரத்தான் ஓட்டத்தில் முதல்வராக அரங்கினுள் நுழைந்தார். நுழைந்தவர் ஓட வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் திரும்பினார். அலுவலர்கள் திருப்பிவிட்டனர். ஐந்து முறை விழுந்தார். ஏறத்தாழ 350 மீட்டரைக் கடக்கப் பத்து நிமிடங்கள் சென்றன. பிறர் தாங்கிப் பிடித்து முடிக்கச் செய்ததால் அவர் வெற்றி செல்லாது என்று ஆயிற்று. மறுநாள் அரசியார் அவருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை வழங்கினார்.

மற்றொன்று, 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டு. இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் அக்காலத்தில் உலகிலேயே விரைவாக மாரத்தான் ஓடியவர். 2 மணி 20 நிமிடத்திற்குள் முதன்முதலில் அத்தூரத்தை ஓடிக் காட்டியவர் அவரே. அன்று கடும் வெயிலிலும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. அடுத்தவர் கண்ணுக்கெட்டாத தொலைவில் பின்தங்கியிருக்க, அரங்கினுள் புகுந்தார். புகுந்ததும் விழுந்தார். எழுந்தார், விழுந்தார். பத்து நிமிடத்திற்கு மேலாக, மயங்கியவரைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளாடினார். வேறொரு கோட்டை முடிவுக் கோடென்று கொண்டு அங்கே தம்மவர் கைகளில் சாய்ந்தார். உண்மையான கோடு இன்னும் இருநூறு கஜம் அப்பால் இருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அதன்பின் அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. அவருக்கும் எடின்பரோ கோமகன் சிறப்புப் பதக்கம் ஒன்றை அனுப்பினார்.

ஒருவர் திசை மாறினார். ஒருவர் கோட்டை மாற்றிக்கொண்டார். என் மாணவன் பாதையை விட்டு விலகினான். இம்மூவருக்கும் கால் ஓயுமுன்னரே தலை ஓய்ந்துவிட்டது. உடல் வெப்பம் 40 பாகையைக் கடக்கும்போது மூளையின் தெளிவு குலைகிறது. தடுமாற்றம், பொருந்தாப் பேச்சு, காரணமில்லாச் சினம், வெயிலிலும் உடல் சிலிர்த்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. ஓடி வெப்பத் தாக்குதலுக்கு ஆளானவர், விழும்போதும் வியர்வையில் நனைந்திருக்கலாம். நான் ஏமாந்ததும் அவ்வாறே. அரங்கம் கைதட்டுகிறது, வீரம் என்கிறது. அங்கே ஓடிக்கொண்டிருப்பவரோ தாம் எங்கே இருக்கிறோம் என்பதையே அறியார்.

இங்கு நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். களைப்பு வந்தவுடன் நின்றால் எவர்தாம் எதைச் சாதிக்க முடியும்? நல்ல கேள்வி. களைப்பு என்பது தசையில் மட்டும் இருப்பதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் தூரின் நகரில் ஆஞ்செலோ மோசோ என்னும் உடலியல் அறிஞர், ஒற்றை விரலால் எடையை மீண்டும் மீண்டும் இழுக்கச் செய்து, விரல் களைப்படைவதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி ஒன்றை அமைத்தார். அவருடைய உடன்பணியாளர் ஒருவர் மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்து அக்கருவியில் விரலை வைத்தபோது, விரலின் வலிமை வெகுவாகக் குறைந்திருந்தது. தேர்வு எழுதுவோர் மட்டுமல்லர், நடத்துவோரும் களைக்கின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ! வேலை செய்தது மூளை, ஓய்ந்தது விரல்.

2009-ஆம் ஆண்டில் வேல்சு நாட்டில் செய்த ஆய்வொன்றும் இதையே நுட்பமாகக் காட்டிற்று. பதினாறு பேரை ஒரு நாள் தொண்ணூறு நிமிடம் கருத்தூன்றிச் செய்ய வேண்டிய கணிப்பொறி வேலையில் ஈடுபடுத்தி, பின்னர் மிதிவண்டி மிதிக்கச் செய்தனர். மற்றொரு நாள் அதே நேரம் படம் பார்க்கச் செய்து மிதிக்கச் சொன்னார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாக்குப் பிடித்தவர்கள், மூளைக்கு வேலை கொடுத்த நாளில் 640 விநாடியிலேயே நிறுத்திவிட்டனர். மூளை களைத்ததனால் இதயமோ நுரையீரலோ தளர்ந்துவிடவில்லை. உழைப்புத்தான் கடினமாகத் தோன்றியது. 2004-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதனினும் விந்தையானது. மிதிவண்டி வீரர்கள், இனிப்பே தெரியாத மாவுச்சத்துக் கரைசலால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டே, ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு விரைவு பெற்றனர். வயிற்றுக்குள் ஒரு துளியும் போகவில்லை. உணவு வருகிறது என்று நா மூளைக்குச் சொன்ன செய்தியே போதுமானதாயிற்று.

இவற்றிலிருந்து, மூளை ஒரு காவற்காரனைப் போல, இருப்பு முற்றிலும் தீருமுன்னரே எச்சரிக்கை விடுக்கிறது என்று கருதுவோர் உளர். தென்னாப்பிரிக்க அறிஞர் டிம் நோக்ஸ் இக்கருத்தை விரிவாக வளர்த்தவர். இதனை மறுப்போரும் உளர், வழக்கு முடியவில்லை. ஆனால் பயிற்சி பெற்றோர், முதலில் வரும் சோர்வைக் கடந்து செல்ல முடியும் என்பது கண்கூடு. மூச்சு வாங்குதல், தொடை கனத்தல், 'போதும்' என்ற உள்ளத்தின் முணுமுணுப்பு ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதுதான் பயிற்சி. அதனை நான் குறைகூற மாட்டேன்.

தீங்கு எங்கே பிறக்கிறது என்றால், பழகிப் பழகிக் காவற்காரனையே வாய் மூடச் செய்யும்போது. பரிசு ஆசையும், ஊரின் கைதட்டலும், ஆசிரியரின் கூச்சலும் அவன் குரலை அமுக்குகின்றன. அதே நேரத்தில் வெப்பம் அவனை மயங்கச் செய்கிறது. நிற்கலாமா என்று ஆராய வேண்டிய உறுப்பே பழுதுற்ற பின்னர், ஓடுபவர் தம் நிலையைத் தாமே எவ்வாறு அறிவார்? தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாக இருத்தல் எவர்க்கும் இயலாது. ஆதலால் நிறுத்தும் உரிமை வெளியே நிற்பவரிடம் இருக்க வேண்டும். இன்றைய பன்னாட்டுத் தடகள விதிகளின்படி, மருத்துவ அலுவலர் ஆணையிட்டால் வீரர் உடனே விலகியாக வேண்டும். மறுப்புக்கு இடமில்லை.

உலகம் இதனை முற்றும் கற்றுக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். 2019-ஆம் ஆண்டு கத்தார் நாட்டின் தோகா நகரில் உலகத் தடகளப் போட்டி நடந்தபோது, பகல் வெயிலுக்கு அஞ்சிப் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினர். அப்போதும் வெப்பம் 32 பாகைக்குக் குறையவில்லை. காற்றிலோ கடற்கரை ஈரம். ஓடிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. கதிரவன் இல்லாவிட்டால் வெப்பம் இல்லை என்று கருதிவிட்டார்கள் போலும். பானைக் கணக்கை மறந்ததன் விளைவு அது. இரண்டு ஆண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கின்போது மாரத்தானை வடக்கே, குளிர்ச்சி மிகுந்த சப்போரோ நகருக்கு மாற்றினர். அங்கும் பெண்கள் ஓட்டத்தை ஒரு மணி நேரம் முன்னதாகக் காலை ஆறு மணிக்கே தொடங்கினர். மாற்றியதைப் பலர் குறை கூறினர். நான் அவர் பக்கம் இல்லை.

நீரைப் பற்றியும் இரண்டு சொல் கூற வேண்டும். பழங்காலத்தில், ஓடும்போது நீர் அருந்துவது கேடு என்ற நம்பிக்கை இருந்தது. 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் புழுதியும் வெயிலுமாக நடந்த ஒலிம்பிக் மாரத்தானில், வழி நெடுக நீர் கிடைத்த இடங்கள் மிகச் சில. அன்று வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு உதவியாளர்கள் எட்டிக்கொட்டையில் உள்ள நஞ்சாகிய ஸ்டிரிக்னைனையும் பிராந்தியையும் கொடுத்துக் கொடுத்து ஓடச் செய்தனர்! ஓடிய 32 பேரில் முடித்தவர் 14 பேர். அக்காலத்தின் தவறு ஒரு துருவம் என்றால், நம் காலத்தின் தவறு மறுதுருவம். அளவு கடந்து நீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து, மூளை வீங்கி, உயிருக்கே இடராகும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்ததில், நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்பு இயல்பினும் குறைந்திருந்தது. தாகத்தின் அளவே அருந்துவது பெரும்பாலோர்க்கு நன்று.

வெயிலுக்கு உடலைப் பழக்கவும் முடியும். பத்து முதல் பதினான்கு நாள் வரை சிறிது சிறிதாக வெயிலில் பயின்றால், வியர்வை முன்னதாகவே சுரக்கும். அதில் உப்பு குறையும். இதயத்தின் சுமை இறங்கும். காய்ச்சலில் படுத்தெழுந்தவர் இதற்கு விலக்கு. அவர் ஓடவே கூடாது. யாரேனும் விழுந்தால், முதல் வேலை குளிர்வித்தல். வண்டி தேடுவது அடுத்த வேலை. நீர்த்தொட்டி இருந்தால் கழுத்தளவு அமிழ்த்திப் பிடித்துக்கொள்ளலாம். இல்லையேல் நீரைக் கொட்டி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றலாகாது. இதையெல்லாம் நான் நூலில் படித்தது பின்னாளில்; அந்தச் சமையற்கார அம்மாள் எங்குப் படித்தாரோ?

நான் தலைமையாசிரியன் ஆன பின், நெடுந்தூர ஓட்டத்தைக் காலை ஆறு மணிக்கு வைத்தேன். விருந்தினர் பரிசளிப்புக்கு வந்தால் போதும் என்று எழுதிவிடுவேன். சிலர் அதற்காக என்மீது வருத்தப்பட்டதுண்டு.

கனகுரியின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். அவர் வெட்கத்தோடு நாடு திரும்பினார். மீண்டும் முயல்வது என்று உறுதி பூண்டார். 1916-ஆம் ஆண்டு ஒலிம்பிக், முதல் உலகப் போரால் நடைபெறவில்லை. அவர் உடல் நல்ல வலிமையோடு இருந்த காலம் அது. 1920-இல் ஆன்ட்வெர்ப் நகரில் பதினாறாவதாக வந்தார். 1924-இல் பாரிஸில் மீண்டும் முடிக்கவில்லை. இடையே புவியியல் ஆசிரியராகப் பணியாற்றினார். கல்லூரி மாணவர்க்கென 1920-இல் தொடங்கிய ஹக்கோனே தொடரோட்டத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். புத்தாண்டு தோறும் ஜப்பானியர் பேரார்வத்தோடு காணும் ஓட்டம் அது. பின்னர், 1967-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சுவீடன் நாட்டார் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடித்துத் தருமாறு வேண்டினர். எழுபத்தைந்து வயது முதியவர், கோட்டும் காலணியுமாக, அதே ஸ்டாக்ஹோம் அரங்கில் மெல்ல ஓடி முடிவுக் கோட்டைக் கடந்தார். அவர் எடுத்துக்கொண்ட காலம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி என்று அறிவித்தனர். இதற்கிடையில் தமக்கு ஆறு மக்களும் பத்துப் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டனர் என்று அவர் சொல்லிச் சிரித்தார். 1983-இல், தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வீட்டுக்கு ஒருவர் மகளின் திருமண அழைப்பிதழோடு வந்தார். தலை நரைத்திருந்தது, பெயர் சொன்ன பின்னரே அடையாளம் தெரிந்தது. வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு, அன்று மருத்துவமனையில் சொல்லாமல் விட்ட விடையை அவரிடம் சொன்னேன். அவர் முடிக்கவில்லை என்றும், 'விடாதே' என்று நான் கத்தியது தவறு என்றும் சொன்னேன். கனகுரியின் கதையையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா எனக்கு இன்னும் பத்துக் கஜம் பாக்கி இருக்கு, சார்" என்றார். "கல்யாண வேலை முடியட்டும். ஒரு நாள் காலையில ஆறு மணிக்குப் போவோம். நீங்களும் வரணும்."